என் சிறுவயதில் அப்பா என்னோடு ஒட்டாமல் இருந்ததற்கும் இன்றைய என் பதற்றத்துக்கும் தொடர்பு உண்டா?

கொளத்தூர்க்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 26. வீடு கொளத்தூர், வேலை பெருங்குடியில். கொஞ்ச காலமாக ஒரு தொல்லை. டீம் லீட் சாட்டில் "ஒரு நிமிஷம் பேசலாமா?" என்று கேட்டாலே வயிற்றைப் பிசைகிறது. உள்ளங்கை சில்லிட்டுப்போகிறது, நெஞ்சு படபடக்கிறது. அவர் நல்ல மனிதர், ஒருமுறைகூடக் கடிந்து பேசியதில்லை. பெரும்பாலும் லீவு தேதி மாதிரி ஏதாவது சின்ன விஷயம்தான் கேட்பார். இதே ஒரு பெண் மேனேஜர் கூப்பிட்டால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. ஈசிஜி, தைராய்டு இரண்டும் பார்த்தாயிற்று, எல்லாம் நார்மல். பார்த்த டாக்டர்தான் கவுன்சலிங் போகச் சொன்னார், போய்க்கொண்டிருக்கிறேன்.

அங்கே கேட்ட ஒரு கேள்விதான் என்னை இங்கே எழுத வைத்தது. "சின்ன வயதில் பயந்தால் யாரிடம் ஓடுவீர்கள்?" அம்மா, பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா என்று வரிசையாகச் சொன்னேன். "அப்பா?" என்றார் கவுன்சலர். அப்பாவிடம் ஓடியதாக ஒரு ஞாபகமும் இல்லை. அடிப்பாரா, திட்டுவாரா, குடிப்பாரா? எதுவும் கிடையாது. என் அப்பா தங்கமான மனிதர். கடன் வாங்கியாவது ஃபீஸ் கட்டியவர்.

அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின் ஆபரேட்டராக இருந்தார். ஷிஃப்ட் மாறி மாறி வரும். நைட் ஷிஃப்ட் வாரம் என்றால் பகலில் வீடே மூச்சுக் காட்டாது. ஒரே ஒரு அறை. குக்கர் வைப்பதைக்கூட அவர் எழுந்த பிறகு என்று அம்மா தள்ளிப்போடுவார். டிவி ஓடும், சத்தம் இருக்காது. "அப்பா தூங்கறாரு" என்பதுதான் நான் அதிகம் கேட்டு வளர்ந்த வாக்கியமாக இருக்கும். ரேங்க் கார்டைப் பேனாவோடு ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். காலையில் பார்த்தால் கையெழுத்து இருக்கும். நீல மை, பேரின் கடைசி எழுத்துக்குக் கீழே நீளமாக ஒரு இழுப்பு. முதல் ரேங்க் வாங்கினாலும் அதே இழுப்பு, கணக்கில் கோட்டை விட்டாலும் அதே இழுப்பு. "அப்பா என்ன சொன்னாரு?" என்று கேட்டால் அம்மா, "பார்த்தாரு. ஒண்ணும் சொல்லலை" என்பார். ஒன்றும் சொல்லவில்லை என்றால் கோபமா, சந்தோஷமா? பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு போவேன்.

தம்பி என்னைவிட 6 வயது சின்னவன். அவன் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அப்பாவுக்கு ஜெனரல் ஷிஃப்ட் கிடைத்துவிட்டது. சாயங்காலம் வீட்டில் இருப்பார். சைக்கிள் கற்றுக்கொடுத்தது, ஞாயிற்றுக்கிழமை கொரட்டூர் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனது எல்லாம் அவனுக்குத்தான். இன்று அவன் யாரிடமும் சட்டென்று போய்ப் பேசுவான். இன்டர்வியூவில் தேறாவிட்டால்கூட, "போனா போகுது, அடுத்தது பார்ப்போம்" என்பான்.

ஒரே அப்பா, ஒரே வீடு, இரண்டு பிள்ளைகள் இப்படி. இதற்கு ஆராய்ச்சி எதாவது சொல்கிறதா, இல்லை நானாக முடிச்சுப் போடுகிறேனா? அப்பா இப்போது ரிட்டயர் ஆகி வீட்டில்தான் இருக்கிறார். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனசில்லை. இந்த வயதில் ஏதாவது சரிசெய்ய முடியுமா என்றும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மனநலப் பணியாளர் எழுதியது:

தோழி, நான் சென்னையில் மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன். உங்கள் கவுன்சலர் உங்களை நேரில் பார்க்கிறவர், அவர் சொல்வதே முதன்மை. பொதுவாகத் தெரிந்ததை நான் சொல்கிறேன்.

தொடர்பு உண்டு. ஆனால் ஒரு தனி ஆளைக் காட்டி "இதனால்தான் இவருக்கு இது வந்தது" என்று எந்த ஆய்வும் சொல்லாது. இந்த இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் 1958 மார்ச் மாதம் ஒரே வாரத்தில் பிறந்த சுமார் 17,000 குழந்தைகளை, அவர்கள் பெரியவர்களான பிறகும் விடாமல் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். அந்தத் தரவை வைத்து ஃப்ளூரி, புக்கானன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 16 வயதில் அப்பாவின் ஈடுபாடு கிடைத்த பெண்களுக்கு, 33 வயதில் மன உளைச்சல் குறைவாக இருந்தது. அம்மா எவ்வளவு ஈடுபாடு காட்டினார் என்பதைப் பொறுத்து இது கூடவோ குறையவோ இல்லை. 2008இல் ஸ்வீடனின் அன்னா சர்காடி குழு, இப்படிப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த 24 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. அவற்றில் 22 ஆய்வுகளில் நல்ல விளைவு தெரிந்தது. பையன்களிடம் நடத்தைச் சிக்கல்கள் குறைவு, இளம்பெண்களிடம் மனச் சிக்கல்கள் குறைவு.

ஈடுபாடு என்றால் என்ன என்பதுதான் இதில் முக்கியம். மைக்கேல் லாம்பும் அவரோடு சேர்ந்தவர்களும் 1980களில் இதை மூன்றாகப் பிரித்தார்கள். குழந்தையோடு சேர்ந்து எதையாவது செய்வது ஒன்று. கூப்பிட்டால் கிடைக்கிற இடத்தில் இருப்பது இன்னொன்று. தடுப்பூசி எப்போது, ஃபீஸ் கட்டக் கடைசி நாள் எது என்று பொறுப்பைத் தன் தலையில் வைத்திருப்பது மூன்றாவது. உங்கள் அப்பா மூன்றாவதில் குறை வைத்தவராகத் தெரியவில்லை. உங்களுக்குக் கிடைக்காமல் போனது நடுவில் உள்ளது. அவர் வீட்டில்தான் இருந்தார், ஆனால் எழுப்பக் கூடாது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதிக் குழந்தைகளை வைத்து 2016இல் வந்த ஓர் ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்பா எத்தனை முறை குளிப்பாட்டினார், துணி மாற்றினார் என்ற கணக்கு பெரிதாக எதையும் காட்டவில்லை. குழந்தையோடு அவர் மனசு ஒட்டியதா, அப்பா என்ற பொறுப்பில் அவருக்குத் தன்னம்பிக்கை இருந்ததா என்பதுதான் பின்னாளில் பிள்ளையின் நடத்தைச் சிக்கல்கள் குறைவதோடு சேர்ந்து வந்தது. இன்னொரு பக்கம் ரொனால்ட் ரோனர் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல நாடுகளில் செய்த வேலை, "அப்பா என்னை ஏற்றுக்கொண்டார்" என்று பிள்ளை உணர்ந்ததா என்பதைப் பார்க்கிறது. அப்பாவின் மனசுக்குள் ஆயிரம் பெருமை இருந்திருக்கலாம். அது உங்களிடம் வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி.

ரேங்க் கார்டு விஷயத்தைக் கவுன்சலரிடம் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் அடுத்த முறை கட்டாயம் சொல்லுங்கள். அதிகாரத்தில் இருக்கிற ஓர் ஆண் என்ன நினைக்கிறார் என்று தெரியாத அந்த இடைவெளியை, நீங்களே மோசமானதை வைத்து நிரப்பிப் பழகியிருக்கலாம். "ஒரு நிமிஷம் பேசலாமா?" என்பதற்கும் அவர் வாய் திறப்பதற்கும் நடுவே உங்களுக்கு நடப்பது அதுவாக இருக்கலாம். இது என் ஊகம்தான்.

தம்பியோடு ஒப்பிடுவதில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். பிறவிச் சுபாவம் ஆளுக்கு ஆள் வேறு. பதற்றம் பரம்பரையாகவும் வரும். அவன் ஆண்பிள்ளை, இரண்டாவது பிள்ளை. நம் வீடுகளில் பெண் வயதுக்கு வந்ததும் அப்பா ஓரடி தள்ளி நிற்க ஆரம்பித்துவிடுவார், யாரும் சொல்லாமலே. அந்த 16 வயது ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும். அப்பா அதிகம் தேவைப்படுகிற வயதில்தான் நாம் அவரை ஒதுங்கி நிற்கச் சொல்கிறோம். தாத்தா, மாமா, சித்தப்பா என்று ஆட்கள் சூழ்ந்த நம் வீடுகளில் இந்த வெளிநாட்டு முடிவுகள் அப்படியே பொருந்தும் என்றும் சொல்ல முடியாது.

பழி போட வேண்டுமென்றால் ஷிஃப்ட்மேல் போடலாம். 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அம்மாவுக்கு 26 வாரப் பேறுகால விடுப்பு உண்டு. மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள். தனியார் கம்பெனி அப்பாவுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. இந்த ஏற்பாட்டில் பிள்ளையோடு ஒட்டச் சொன்னால் அவர் எப்போது ஒட்டுவார்?

சரிசெய்ய முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். ஆனால் "அப்போ ஏன் பேசலை?" என்று ஆரம்பிக்க வேண்டாம், அவர் சுருங்கிக்கொள்வார். அவர் வேலையைப் பற்றிக் கேளுங்கள். ராத்திரி தூக்கம் கலைந்து பதற்றம் அதிகமானால் டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104ம் உண்டு.

வில்லிவாக்கம் ஆட்டோ எழுதியது:

பாப்பா, உங்க அப்பா வயசுதான் எனக்கும் இருக்கும். மேலே அந்த அம்மா படிச்சவங்க, விவரமா எழுதிட்டாங்க. நான் பார்த்ததைச் சொல்றேன்.

எனக்குக் காலையில் ஸ்கூல் சவாரி. சில வீட்டில் பிள்ளையை வாட்ச்மேன் ஏத்திவிடுவார். சில வீட்டில் அம்மா. ஒரு வீட்டில் அப்பா லுங்கியோடு கீழே இறங்கி வருவார். "தண்ணி பாட்டில் எடுத்தியா?" அவ்வளவுதான் கேட்பார், வேற ஒரு பேச்சு கிடையாது. அந்தப் பையன் தெரு முனை திரும்புற வரைக்கும் தலையை வெளியே நீட்டி அவரைப் பார்த்துக்கிட்டே வருவான். நான்தான் தலையை உள்ளே எடுடா என்று அதட்டுவேன். ஒரு நாள் அவர் வெளியூர் போய்விட்டார் போல. பையன் வண்டியில் வாயே திறக்கவில்லை.

எங்கள் காலத்தில் பெரியவர்கள் முன்னாடி சொந்தப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச மாட்டோம். அண்ணன் பிள்ளையைக் கொஞ்சலாம், தன் பிள்ளையைக் கொஞ்சினால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். கூட்டுக் குடும்பத்தில் அதுதான் மரியாதை. அப்படியே பழகிய கை, தனிக்குடித்தனம் வந்த பிறகும் சட்டென்று நீளாது. உங்க அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட் வேற. உடம்பு அசந்து கிடக்கிற மனுஷனுக்கு வார்த்தை எங்கிருந்து வரும்?

ஒரு யோசனை சொல்றேன். எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கேட்காதே. எங்களுக்கு அது விசாரணை மாதிரி இருக்கும். ஏதாவது ஒரு வேலையில் கூட வைத்துக்கொள். வண்டி சர்வீஸுக்கு விடணுமா, அவரைக் கூட்டிக்கொண்டு போ. ஃபேன் ரிப்பேரா, ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் நில். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். என் சவாரியிலும் அப்படித்தான், நான் முன்னாடி ரோட்டைப் பார்த்து ஓட்டுறேன், பின்னாடி இருந்து பெரிய பெரிய மனுஷங்க எல்லாம் மனசில் உள்ளதைக் கொட்டிவிட்டு இறங்குறாங்க.

மண்ணடி மைந்தன் எழுதியது:

சகோ, நான் கொஞ்சம் வேறு மாதிரி வளர்ந்தவன். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அத்தா ஷார்ஜாவில். ஊருக்கு வருவது அபூர்வம். கணக்குப் பார்த்தால் உங்களுக்குக் கிடைத்ததைவிட எனக்குக் கிடைத்த நேரம் ரொம்பக் குறைவு. ஆனால் வெள்ளிக்கிழமை போன் வந்தால், "நல்லாப் படிக்கிறியா?" என்று கேட்க மாட்டார். "அந்த பயாலஜி மிஸ் இன்னும் உன்னைப் பின் பெஞ்சிலதான் உட்கார வைக்கிறாங்களா?" என்று கேட்பார். போன வாரம் நான் சொன்னதை இந்த வாரம் ஞாபகம் வைத்திருப்பார். என் கூட்டாளிகள் எல்லோர் பேரும் அவருக்குத் தெரியும். பணியாளர் அக்கா சொன்ன "கூப்பிட்டால் கிடைக்கிற இடம்" எங்களுக்கு அந்த போன்தான்.

இதையும் சொல்ல வேண்டும். இவ்வளவு நல்ல அத்தா இருந்தும், காலேஜ் மூன்றாம் வருஷம் எனக்கு டிப்ரஷன் வந்தது. காரணமே தெரியவில்லை. சாப்பாடு இறங்காது, பகலெல்லாம் படுத்தே கிடப்பேன். அப்பா ஒட்டி இருந்தால் பிள்ளைக்கு ஒன்றும் வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு அதில் கிடைத்த உதவி என்னவென்றால், முதலில் சொன்னது அவரிடம்தான். "கீழ்ப்பாக்கம்" என்ற பேரையே கேலிக்கு வைத்திருக்கிற ஊர் இது. அவரோ, "சர்க்கரைக்கு டாக்டரைப் பார்க்கிறோம், இதுக்கும் பார்ப்போம். காசு அனுப்புறேன், நாளைக்கே போ" என்றார். மாத்திரை, கவுன்சலிங் இரண்டும் எடுத்தேன். இப்போது கிண்டியில் வேலை, நன்றாக இருக்கிறேன்.

கொளத்தூர்க்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆட்டோ அண்ணா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். வாஷிங் மெஷின் பைப் லீக் ஆகிக்கொண்டிருந்தது. நானும் அப்பாவும் கழற்றிப்போட்டு உட்கார்ந்தோம். கிளாம்பை முறுக்கிக்கொண்டே வேலையைப் பற்றிப் பேசினார். நூலிழை அளவு கூடினால்கூடப் பீஸ் ரிஜெக்ட், மைக்ரோமீட்டரில் அளந்துகொண்டே இருக்க வேண்டும் என்று அவர் சொன்னது எனக்கெல்லாம் புதுசு. அப்போதுதான் மெதுவாக, "என் ரேங்க் கார்டுல கையெழுத்துப் போடுவீங்களே, மார்க்கெல்லாம் பார்ப்பீங்களாப்பா?" என்றேன்.

"பார்ப்பேன். நான் படிச்சது எட்டாவது. உன் கார்டு பூரா இங்கிலீஷு. நம்பர் தெரியும், கீழ டீச்சர் எழுதினது புரியாது. தப்பா ஏதாவது சொல்லிட்டா உனக்கு அசிங்கமா இருக்குமோன்னு கம்முனு இருந்துட்டேன்" என்றார். சொல்லிவிட்டு மறுபடி கிளாம்பை முறுக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் இத்தனை வருஷமாக நினைத்தவற்றில் இது மட்டும் இல்லவே இல்லை. கோபம் என்று நினைத்திருக்கிறேன், அலட்சியம் என்று நினைத்திருக்கிறேன். எனக்காக வெட்கப்பட்டு ஒதுங்கியிருப்பார் என்று தோன்றியதே கிடையாது. அன்று அதற்குமேல் பேச என்னால் முடியவில்லை.

படபடப்பு போய்விட்டதா என்றால், இல்லை. இந்த வாரம்கூட வந்தது. கவுன்சலரிடம் ரேங்க் கார்டு கதையைச் சொன்னேன், நிறைய நேரம் அதைப் பற்றித்தான் பேசினோம். இனி டீம் லீட் கூப்பிட்டால், "எதைப் பத்திங்க சார்?" என்று உடனே திருப்பிக் கேட்டு டைப் பண்ணச் சொல்லியிருக்கிறார். கேட்டேன். "ரிலீஸ் நோட்ஸ்" என்று பதில் வந்தது. பதில் வருகிற அந்த அரை நிமிஷம் கஷ்டம்தான், ஆனால் அது முன்னை மாதிரி அரை மணி நேரமாக நீளவில்லை.

வியாசர்பாடி அம்மா எழுதியது:

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு அடிவயிறு கலங்குகிறது. என் வீட்டுக்காரர் குடி. அடி தாங்காமல் பிள்ளையோடு என் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். மகனுக்கு 7 வயது. அப்பா இல்லாமல் வளர்கிறானே, நாளைக்கு இவன் மனசும் கெட்டுப்போகுமா? சேர்ந்து வாழச் சொல்லிச் சொந்தக்காரர்கள் நச்சரிக்கிறார்கள், "பையனுக்கு அப்பா வேணுமில்ல" என்று.

மனநலப் பணியாளர் எழுதியது:

அம்மா, நீங்கள் வெளியே வந்தது உங்கள் பையனுக்குக் கெடுதல் இல்லை. இதை நம்பிக்கையோடு சொல்கிறேன். அப்பா ஒட்டியிருப்பது நல்லது என்று சொல்லும் ஆய்வுகள் எல்லாம் நல்லபடியாக ஒட்டியிருக்கும் அப்பாவைப் பற்றியவை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 5 வயது இரட்டைக் குழந்தைகள் உள்ள ஆயிரத்துச் சொச்சம் குடும்பங்களை வைத்து ஜாஃபி, மோஃபிட் குழு 2003இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அடிதடி, அத்துமீறல் சுபாவம் இல்லாத அப்பா கூட இல்லாதபோது பிள்ளைகளிடம் முரட்டு நடத்தை கூடியது. அந்தச் சுபாவம் உள்ள அப்பா என்றால், பிள்ளைகளோடு அவர் வாழ்ந்த காலம் நீள நீள முரட்டு நடத்தை கூடியது. "பையனுக்கு அப்பா வேணும்" என்கிற சொந்தக்காரர்கள், எப்படிப்பட்ட அப்பா என்பதை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள்.

தாத்தா இருக்கிறாரா, உங்கள் அண்ணன் தம்பி யாராவது? நம் வழக்கத்தில் தாய்மாமன் காதுகுத்துக்கு மடி கொடுப்பதோடு நின்றுவிட வேண்டியதில்லை. வாரம் ஒரு சாயங்காலம், அதே கிழமை, அதே ஆள் வந்து பையனோடு பந்து விளையாடினால் போதும். வராத நாளில் முன்கூட்டியே போன் செய்து சொல்ல வேண்டும். மண்ணடித் தம்பியின் அத்தா செய்ததைப் பாருங்கள், போன வாரம் சொன்னதை ஞாபகம் வைத்துக் கேட்டார். அதைச் செய்ய யாராலும் முடியும், உங்களாலும்.

அப்பாவைப் பற்றி அவன் கேட்டால் பொய் சொல்ல வேண்டாம், ஏசவும் வேண்டாம். "அப்பாவுக்குக் குடிப் பழக்கம் இருக்கு, அது ஒரு நோய். உன்னால வந்தது இல்லை" என்று சொல்லுங்கள். இந்த வயதில் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் தானே காரணம் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்புறம், நீங்கள் தூங்குகிறீர்களா, சாப்பிடுகிறீர்களா? அடிபட்டு வந்திருக்கிறீர்கள். பெண்களுக்கான உதவி எண் 181. அவர் தேடி வந்து தகராறு செய்தால் உடனே அழையுங்கள். 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அவர் உங்களை நெருங்கக் கூடாது என்று கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு வாங்க முடியும். அதற்கு மனு எழுத மாவட்டப் பாதுகாப்பு அலுவலரே உதவுவார், காசு கிடையாது. மகனுக்கு ராத்திரியில் அலறி எழுவது, படுக்கையில் சிறுநீர் போவது மாதிரி ஏதாவது இருந்தால் இங்கே எழுதுங்கள். பக்கத்தில் எங்கே காட்டலாம் என்று சொல்கிறேன்.